மோட்டார் பாட்டும் நாலு கம்பியும்: ஒரு யுகுலேலேவுடன் ஆறு மாதம்

மகளின் பிறந்தநாளுக்கு கீபோர்டு வாங்கத்தான் கடைக்குப் போனோம். பட்ஜெட் இடித்ததால் 2,200 ரூபாய்க்கு ஒரு யுகுலேலே வாங்கி வந்தோம், குட்டி கிட்டார் மாதிரி நாலு கம்பி வாத்தியம். 21 அங்குலம், சோப்ரானோ என்கிற சின்ன அளவு. பெட்டியில் உறை, சுருதி காட்டும் கிளிப் ட்யூனர், ஒரு செட் மாற்றுக் கம்பி. மரம் ஒட்டுப்பலகைதான், இந்த விலைக்கு வேறென்ன கிடைக்கும்?

முதல் வாரம் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. புது நைலான் கம்பி இழுபட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சுருதி சேர்த்தால் மதியத்துக்குள் இறங்கிவிடும். அது எல்லா யுகுலேலேவுக்கும் உள்ளதுதான், பத்து நாளில் அடங்கியது. எங்களுடைய தனிக் கூத்து நாலாவது கம்பியில். மேலே இருக்கும், மேற்கத்திய சுரப்பெயரில் ஜி எனப்படும் அந்தக் கம்பி, கிட்டார் மாதிரி தடித்த சத்தம் தரும் என்று நினைத்து என் கணவர் தளர்த்திக்கொண்டே போனார். உண்மையில் அது பக்கத்து சி கம்பியைவிட உயர்ந்த சுருதி. ட்யூனரோ 'ஜி' என்று மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. மூன்று நாள் கொடிக்கயிறு மாதிரி தொங்கிய கம்பியை மீட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. தலைப்பக்கம் கம்பிகள் உயரமாக இருந்தன. முதல் கட்டத்தில் அழுத்தினால் மகளுக்கு விரல் வலிக்கும், எஃப் கார்டு (கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடி) சுருதி ஏறிக் கேட்கும். பக்கத்துத் தெருவில் கிட்டார் பழுது பார்ப்பவர் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளங்களை லேசாக அராவித் தந்தார், 150 ரூபாய். வாங்கும்போதே முதல் கட்டத்தில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

சரி, இது இருந்தால் வீட்டில் பாட்டு எழுத வருமா? வருகிறது. சி கார்டுக்கு ஒரு விரல், ஏ மைனருக்கும் ஒரு விரல், எஃப்புக்கு இரண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரு சனிக்கிழமையில் மூன்றையும் பிடித்துவிட்டாள். அப்புறம் எங்கள் தொட்டி நிரம்பி வழிந்த அன்று அவளே ஆரம்பித்தாள்:

மோட்டாரப் போட்டது யாரு யாரு?
மொட்டை மாடியில ஆறு ஆறு!

நான் அடுத்த அடி தேடுவதற்குள் யூகேஜி படிக்கும் சின்னவன், "அப்பா போட்டாரு, மறந்து போனாரு" என்றான். குற்றவாளி சிரித்துக்கொண்டே, "அடுத்த வீட்டுக்காரரு குடை பிடிச்சாரு" என்று முடித்துவைத்தார்.

ஆனால் வீடியோக்களில் கற்றுத் தரும் நாலடித் தட்டு இதற்கு ஒட்டவே இல்லை. அம்மாதான் கண்டுபிடித்தார். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் கும்மியடித்து வளர்ந்தவர். "கண்ணு, இது கும்மி நடை, தகிட தகிட. அதை எதுக்கு நாலாக்கறே?" என்று கை தட்டிக் காட்டினார். மூன்று மூன்றாக மீட்டியதும் வரிகள் தானாக உட்கார்ந்தன. இப்போது முதலில் 'தன்னானே' போட்டு மெட்டைப் பிடித்துக்கொள்கிறோம், வார்த்தை பிறகு.

அம்மாவுக்கு வேறொரு புகார். "மேலயும் போகல, கீழயும் போகல. இது ஆம்பளைக் கட்டை." சி என்றால் ஒரு கட்டைச் சுருதி, அம்மாவுக்கு ஐந்து. பாட்டை ஐந்து கட்டையான ஜிக்கு மாற்றினோம்: ஜி, சி, டி கார்டுகள். டிக்கு ஒரே கட்டத்தில் மூன்று விரல் நெருக்கியடிக்க வேண்டும், அதனால் மகள் இரண்டே விரலில் பிடிக்கிற டி7 வைக்கிறாள். ஐந்து கட்டை எட்டாத என் கணவரைத் தாளத்துக்கு மாற்றிவிட்டோம், எவர்சில்வர் தூக்கு.

ஒன்று மட்டும் இதில் வராது. அம்மா தாலாட்டை இழுத்து இழைத்துப் பாடும்போது கார்டு குறுக்கே விழுகிறது. அப்போது கருவியைக் கீழே வைத்துவிடுகிறோம்.

1879-இல் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குப் பிழைக்கப் போன போர்த்துகீசியர்கள் கொண்டுபோன சின்னக் கருவியிலிருந்து வந்தது இது. பெயருக்கு 'துள்ளும் தெள்ளு' என்று பொருள் சொல்வார்கள். அதைக் கேட்டதிலிருந்து சின்னவனுக்கு இது தெள்ளுப்பூச்சிதான், வேறு பெயரில் கூப்பிட்டால் எடுத்துத் தரமாட்டான்.

பெரியவர்களும் வாசிப்பதாக இருந்தால் 23 அங்குல கான்சர்ட் அளவு வாங்குங்கள், என் விரல்கள் இதில் இடித்துக்கொள்கின்றன. எங்களுடையதற்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை மதிப்பெண் அந்த மாற்றுக் கம்பிக்காக, ஏற்கெனவே ஒன்று அறுந்தாயிற்று.

இந்த வாரம் கேஸ் பாட்டு. சிலிண்டருக்கு இயைபு கிடைக்காமல் இரண்டு நாள் நின்றது. நேற்று ராத்திரி அம்மா சமையலறையிலிருந்து கத்தினார்: "காலண்டர்!"