மூன்று கருவிகளில் ஒரே புல்வெளி

பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பிஸ் விளையாட்டை முதன்முதலில் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஒரு கொமியுனிகேஷன் கடைக் கணினியில் விளையாடினேன். பொப்கெப் நிறுவனம் 2009இல் வெளியிட்டது அது. அப்புறம் பத்து வருடத்துக்கும் மேலாக, டீவியில் மாட்டி ஆடும் எக்ஸ்பொக்ஸ் 360, கையில் வைத்து ஆடும் நின்டெண்டோ டி.எஸ். லைட், பி.எஸ். வீட்டா என்று மூன்று விளையாட்டுக் கருவிகளைப் பழையதாக வாங்கி, தலவாக்கலையில் எங்கள் வீட்டில் அதே விளையாட்டை விளையாடி வருகிறேன். எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: வீட்டு முற்றத்துப் புல்வெளி, 5 வரிசை, வரிசைக்கு 9 கட்டம். வலப்பக்கமிருந்து ஸோம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள், வீட்டை நோக்கி நடந்து வரும். செடிகளை நட்டு அவற்றைத் தடுக்க வேண்டும். செடி நடுவதற்குக் காசு சூரியன்தான், ஒன்றை எடுத்தால் 25 கிடைக்கும். சூரியகாந்தி நட 50, பட்டாணிச் செடி நட 100. சாதாரண ஸோம்பி விழ 10 பட்டாணி பட வேண்டும். தலையில் கூம்பு வைத்தவன் விழ 28. இந்தக் கணக்கு எந்தக் கருவியிலும் மாறாது. மாறுவது கைவேலைதான். விழுகிற சூரியனைப் பொறுக்க வேண்டும், அடுத்த விதை தயாரா என்று பார்க்க வேண்டும், சரியான கட்டத்தில் நட வேண்டும். இதெல்லாம் கைக்கு எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தே எனக்கு ஒவ்வொரு பதிப்பும் வேறு விளையாட்டாகத் தெரிகிறது.

எக்ஸ்பொக்ஸில் பழகுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மவுஸில் ஒரே இழுப்பில் போகிற இடத்துக்கு இங்கே கொன்ட்ரோலர் குச்சியைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். விதையை மாற்ற மேல் விளிம்புப் பட்டன்கள். நீச்சல்குளம் வந்ததும் வரிசை 6 ஆகிவிடும். மேல் வரிசையில் ஒருவன், கீழ் வரிசையில் ஒருவன் என்று வந்தால் கை தடுமாறும். ஆனால் பெரிய டீவியில் தங்கச்சி மகனோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆடத் தொடங்கியதும் அந்தக் குறை மறந்தே போனது. "மாமா, மூணாவது வரிசையைப் பாருங்க! வாளித் தலையன் வர்றான்!" என்று கத்துவான். மூன்றாவது வரிசையில் வழிமறிக்கும் செடியான சுவர்க்கொட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அவன் ஏற்கெனவே பின்னால் பட்டாணியை நட்டிருப்பான்.

இருவர் எதிரெதிராக ஆடும் முறை இன்னும் அருமை. ஒருவர் செடிப் பக்கம், மற்றவர் ஸோம்பிப் பக்கம். செடிக்குச் சூரியன் போல ஸோம்பிக்கு மூளைதான் காசு. கல்லறைகளை நட்டால் அவை மூளை தரும். செடிப் பக்கம் வெல்ல வலது ஓரத்தில் நிற்கும் 5 இலக்குகளில் 3ஐ உடைக்க வேண்டும். கணினியில் எத்தனையோ முறை முடித்த விளையாட்டில், எதிரே ஒரு மனித மூளை இருப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தப் பதிப்புக்கு எங்கள் ஊரில் ஒரே எதிரி மின்வெட்டு. ஆடி மாதக் காற்றும் மழையும் தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கடைசி அலை வந்துகொண்டிருக்கும்போது போய்விட்டால் அந்த மட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும்.

அதனால்தான் டி.எஸ். என்னிடம் நிலைத்தது. 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மெழுகுவர்த்தியைக்கூட அணைத்துவிட்டு அதில் ஆடியிருக்கிறேன். மூடியை மடக்கினால் உறங்கிவிடும். திறந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஸ்டைலஸ் முனையால் சூரியனைத் தொடுவது மவுஸைவிட வேகம். இன்னொரு பெரிய வசதி, அந்தத் தொடுதிரை அழுத்தத்தில் வேலை செய்வது. மார்கழிக் குளிரில் கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே ஸ்டைலஸைப் பிடித்து ஆடலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்குப் புரியும்.

திரைதான் சின்னது, 256க்கு 192 புள்ளிகள். நான்காவது பகுதியில் புல்வெளியின் வலப்பக்கத்தை மூடுபனி மறைக்கும். பெரிய டீவியிலேயே அங்கே கண்ணைக் கூர்ந்து வைக்க வேண்டும். டி.எஸ்ஸில் பனிக்குள்ளிருந்து வருகிறவன் கூம்பா வாளியா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் இரண்டு கட்டம் தாண்டிவிடுவான். அதனால் அதில் ஆடும்போது பனியை விலக்கும் விளக்குச் செடியை முதலிலேயே நட்டுவிடுவேன். வாசலில் நிஜப் பனி இறங்கி எதிர் மலைத் தேயிலை மறைந்துகொண்டிருக்கும்போது இந்தப் பகுதியை ஆடுவது எனக்கு மிகவும் பிடித்தமானது.

வீட்டா பதிப்பு 2012இல் வந்தது. முதல் மொடல் வீட்டாவின் 5 அங்குல ஓஎல்இடி திரையில் நிறங்கள் கொள்ளை அழகு. தொடுதலும் துல்லியம். ஆனால் வெறும் விரலுக்குத்தான் அந்தத் திரை வேலை செய்யும். குளிர்ந்த நாளில் நான் அதை எடுப்பதில்லை. கொழும்புக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போவேன்.

தனியாக ஆடுகிறவர், அதுவும் மலைநாட்டில் இருப்பவர் என்றால் டி.எஸ். கார்ட்ரிஜைத் தேடி வாங்குங்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் எக்ஸ்பொக்ஸ் பதிப்புதான். 360 கருவியின் இணையக் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டதால் அந்தக் கருவிக்குப் பழைய டிஸ்க்கைத்தான் தேட வேண்டும். வாங்கும்போது இரண்டாவது கொன்ட்ரோலரையும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாமல் இந்தப் பதிப்பை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.