மணற்கரையில் விதையிட்டு வளர்க்கும் கொய்மலர்: ஸ்டாக்கா, மாற்றுப் பூக்களா?

தொண்டி முதல் இராமேசுவரம் வரையிலான கரையோர ஊர்களில், திருமண மேடைக்கும் தேவாலயப் பீடத்துக்கும் வேண்டிய நீளக்காம்புப் பூக்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்தே வருகின்றன. அவற்றில் ஒரு பகுதியையாவது இங்கேயே விதையிட்டு வளர்க்க எண்ணுபவர்களை விதைப் பட்டியலில் முதலில் ஈர்ப்பது ஸ்டாக் பூ. கிராம்பை ஒத்த மணமும், அடுக்கிதழ்கள் நெருங்கிய நிமிர்ந்த கதிரும் கொண்ட அந்தப் பூவுக்கு நான் தரும் மதிப்பு மிக உயர்ந்தது; ஆனாலும் இந்தக் கரைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் உப்பும் அல்ல, மணலும் அல்ல. ஸ்டாக்கின் தாயகமே மத்தியதரைக் கடலோரப் பாறைகள்தாம். உப்புக்காற்று அதற்குப் பழகியது. தடையாக நிற்பது இரவு வெப்பம். பத்து இலை அளவு வளர்ந்த செடி, ஏறத்தாழ 18 டிகிரிக்குக் குறைவான குளிர்ச்சியில் இரண்டு மூன்று வாரங்கள் இருந்தால்தான் மொட்டுக்கு ஆயத்தமாகும். பாம்பன் பக்கம் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே செடி இலையாகவே வளர்ந்து நிற்கும். விதையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதாலும் பயனில்லை. குளிர் வேண்டுவது வளர்ந்த செடிக்கு. மேலும், அடுக்குப் பூச்செடி விதை பிடிக்காது. ஒற்றைப் பூச்செடியின் விதையிலிருந்து வரும் நாற்றுகளில் ஏறத்தாழப் பாதியே அடுக்காக அமையும். சிலவகை விதைகளில் இலையின் வெளிர்பச்சையைக் கொண்டு அடுக்கு நாற்றை முன்கூட்டியே பிரிக்கலாம் என்றாலும், அந்த நிற வேறுபாடு தெளிவாகத் தெரியவும் குளிர்தான் வேண்டும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உரிய பயிர் அது.

எனவே உண்மையான போட்டி, இந்த வெப்பத்திலும் பூக்கும் ஜினியாவுக்கும் கோழிக்கொண்டைக்கும் இடையில்தான். ஜினியாவின் பலம் வேகம். நாற்றைப் பெயர்த்து நடுவதை அது விரும்பாது என்பதால் விதையை நேரே பாத்தியில் ஊன்றலாம். எட்டு ஒன்பது வாரங்களில் பூக்கும். ஒரு முழ உயரம் வருமுன் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து, வெட்ட வெட்டத் தரும். வெட்டும் பதம் மட்டும் முக்கியம்: காம்பைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து ஆட்டும்போது தலை துவண்டால் பொறுக்க வேண்டும், விறைப்பாக நின்றால் வெட்டலாம். முதிராமல் வெட்டிய ஜினியா குவளையில் மேற்கொண்டு விரியாது. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் இலைப்புள்ளியும், மழை ஓய்ந்த பின் சாம்பல் நோயும் அதைப் பற்றிக்கொள்ளும். கிறிஸ்துமசுக்குப் பூ வேண்டுமென்று அக்டோபரில் ஜினியா விதைப்பது, ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் இளஞ்செடியின் தலையில் ஏற்றுவதாகும். மழை முடிந்து தையில் விதைத்தால் பங்குனியில், பெரும்பாலும் ஈஸ்டரை ஒட்டி, நல்ல பூக்கள் கிடைக்கும்.

கோழிக்கொண்டை மெதுவானது, பூக்க மூன்று மாதம் ஆகலாம். விதை மிகச் சிறியது. மூடியும் மூடாமலும் தூவி, நாற்றங்காலில் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஆனால் வெப்பம் அதற்கு உணவு போன்றது, ஓரளவு உப்புநீரையும் தாங்கும். கிணற்று நீர் கரிக்கும் ஊர்களில் நாற்றுப் பருவத்துக்கு மட்டும் சேமித்த மழைநீரைத் தந்து, வேரூன்றிய பிறகு கிணற்று நீருக்கு மாற்றுவது நல்லது. வெட்டிய பின் இலைகளை உருவிவிட்டால் (பூவுக்கு முன்னே வாடுவது இலைதான்) பத்து நாளுக்கு மேலும் குவளையில் நிற்கும். கொண்டை வடிவ வகைகளில் தலைப்பாரம் அதிகம் என்பதால், காற்று ஓயாத இந்தக் கரைக்கு நான் தேர்ந்தெடுப்பது இறகு வடிவ வகைகளை; அவற்றுக்கும் முழங்கால் உயரத்தில் ஒரு கயிற்றுவலை கட்டுவது நல்லது. மணலில் தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் கலக்காவிட்டால் தண்ணீர் நில்லாது, காம்பும் குட்டையாகிவிடும்.

வாடாமல்லியைக் கதம்பத்தோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை. அதன் காம்பு குட்டைதான். முதன்மைப் பூவாக நிற்காது. எனினும் கோழிக்கொண்டைக்கு இடையில் செருகும் துணைப்பூவாக அதற்கு இணையில்லை. விற்காமல் மிஞ்சியதைத் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினால் நிறம் குன்றாது. பஞ்சு போர்த்த அதன் விதையை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

சைனா ஆஸ்டரில் காமினி, பூர்ணிமா போன்ற நம் நாட்டு இரகங்கள் உண்டு. ஆனால் அதற்கு வாடல் நோய் எளிதில் வரும், நல்ல நீரும் வேண்டும். நன்னீர்க் கிணறு உள்ளவர்கள் சிறிய பாத்தியில் முயலலாம்.

ஸ்டாக்கின் மணத்தை இவற்றுள் எதுவும் ஈடுசெய்யாது. மணம் வேண்டுவோருக்கு விதைப்பயிரில் விடையில்லை; கிழங்கு நட்டு வளர்க்கும் சம்பங்கியையே நாட வேண்டும்.