வின்ச் இழுக்கவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றாதீர்கள்: ஐந்து வருட அனுபவம்

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு மழைக்காலத்தில் வின்ச் (மாட்டிய வண்டியை ரோப்பைச் சுருட்டி இழுத்தெடுக்கும் மோட்டார் உருளை) ஆடம்பரம் இல்லை. என் வண்டியில் 9,500 பவுண்டு இழுவைத் திறன் உள்ள 12 வோல்ட் வின்ச் மாட்டி ஐந்து வருடம் ஆகிறது. இதுவரை மூன்று தடவை கைவிட்டிருக்கிறது, மூன்று தடவையும் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. முதல் தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில் "காயில் போயிடுச்சு, மோட்டாரையே மாத்தணும்" என்றார்கள், நானும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது சும்மா சுற்றவிட்டால் நன்றாகச் சுற்றும், சேற்றில் மாட்டிய வண்டியைக் கட்டினால் முனகிக்கொண்டே நின்றுவிடும். பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட். ஆனால் லோடு இல்லாமல் அளந்து பயனே இல்லை. முழு லோடில் இது 400 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அந்த நேரத்தில் ஒரு டெர்மினலில் களிம்பு ஏறியிருந்தால்கூட வோல்டேஜ் அங்கேயே செத்துவிடும். மரத்தில் கட்டி, மல்டிமீட்டரின் ஒரு கிளிப்பை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை மோட்டாரின் எர்த் போல்ட்டிலும் மாட்டிவிட்டு, ரோப்புக்கு நேராக இல்லாமல் தள்ளி நின்று இழுக்கவிட்டேன். 2.7 வோல்ட் காட்டியது! அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது. பாசிட்டிவ் பக்கம் 0.4தான். பார்த்தால், எர்த் கேபிளை பேட்டரி வரை கொண்டுபோகாமல் பம்பர் போல்ட்டிலேயே முடித்திருக்கிறார்கள், கேபிள் முனை வளையமான லக்குக்கு அடியில் பெயின்ட், அதற்கு அடியில் துரு, செம்பு முழுக்கப் பச்சை. 35 சதுர மில்லிமீட்டர் கேபிளை நேராக நெகட்டிவ் போஸ்டுக்கே இழுத்தேன், அதோடு சரி.

இரண்டாவது தடவை ரோப் வெளியே போகும், உள்ளே வராது. ரிமோட்டை அழுத்தினால் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) 'டக்' என்கிறது, மோட்டார் அசையவில்லை. டக் சத்தம் வந்தால் ரிமோட்டும் சொலினாய்டின் காயிலும் வேலை செய்கின்றன, உள்ளே காண்டாக்ட்தான் கருகியிருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். உறுதி செய்ய வின்ச் கிளட்சை ஃப்ரீயில் போட்டுவிட்டு சொலினாய்டிலிருந்து வரும் மூன்று கேபிளையும் மோட்டாரில் கழற்றுங்கள். மோட்டாரில் ஏ, எஃப்1, எஃப்2 என்று மூன்று முனைகள் இருக்கும், அதில் ஏ, எஃப்1 இரண்டையும் தடித்த ஒயரால் இணைத்து, எஃப்2-க்கு ஜம்பர் கேபிளில் பாசிட்டிவ் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். எஃப் இரண்டையும் மாற்றிக்கொண்டால் மறுபக்கம். என்னுடையது இரண்டு பக்கமும் சுற்றியது, அதனால் சொலினாய்டை மட்டும் மாற்றினேன்.

மூன்றாவது சின்ன விஷயம். டக் சத்தமே இல்லை, ரிமோட் சாக்கெட்டில் தண்ணீர் இறங்கி ஒரு பின் உப்புப் பூத்திருந்தது, சுரண்டிவிட்டதும் ஓடியது.

அப்புறம் ஒன்று, ஐசொலேட்டர் சுவிட்ச் (பேட்டரி கரண்டையே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் வின்ச் போடாதீர்கள். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ரிமோட்டை விட்டாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும், அப்போது ஸ்பேனர் தேட நேரம் இருக்காது. என்னுடையது டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் லக்குகளைக் கழற்றித் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுகிறேன், அரை மணி நேர வேலை. போன வாரம் அளந்தபோது எர்த் பக்கம் 0.2 வோல்ட்.