மிதித்தால் இடப்பக்கம், விட்டால் வலப்பக்கம்: என் லாரி பிரேக்கோடு நான்கு வருடம்

நான்கு வருடமாக ஒரு சிறிய லாரி ஓட்டுகிறேன். முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), பின்னால் டிரம், ஆயில் பிரேக் (மிதிக்கும் அழுத்தத்தை ஆயில்தான் சக்கரத்துக்குக் கொண்டு போகும்). வாங்கும்போதே 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்ஜினும் கியரும் இதுவரை தொந்தரவு தந்ததில்லை. ஆனால் முதல் வருடத்தில் ஆறு மாதம் என் நிம்மதியைக் கெடுத்தது ஒரே ஒரு விஷயம்: பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். இதே அவஸ்தையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, அதை எப்படிக் கண்டுபிடித்தேன், சரிசெய்த பிறகு இத்தனை நாளில் என்ன ஆனது என்று முழுதாக எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் லேசாகத்தான் இருந்தது. ஸ்டீரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே மிதித்துப் பழகிவிட்டேன். அப்படிப் பழகியது பெரிய தவறு. மழை நாள் ஒன்றில் காலி வண்டியோடு சற்று அழுத்தி மிதித்தபோது சாலையின் ஓரம் வரை போய் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லாததால் தப்பித்தேன். அன்றிலிருந்து அதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதலில் போனது வீல் அலைன்மென்ட்டுக்கு, அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். செய்தும் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. மிதிக்காதபோது வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. அலைன்மென்ட் கெட்டிருந்தால் சும்மா ஓடும்போதே ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து காட்டியிருக்கும், டயரும் ஒரு ஓரமாகத் தேய்ந்திருக்கும். அடுத்து டயர். இரண்டு முன் டயரிலும் காற்றைச் சமமாக்கினேன், பிறகு வலது டயரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் பார்த்தேன். டயர்தான் காரணம் என்றால் இழுவையும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. (சுழலும் திசை குறித்த அம்புக்குறி உள்ள டயரை இப்படி மாற்றி ஓட்டக்கூடாது.) டயர் இல்லை என்பது செலவில்லாமலே உறுதியானது.

பிறகு ஒரு பட்டறையில், இடது பிரேக்தான் அதிகமாகப் பிடிக்கிறது என்று சொல்லி இடது காலிப்பரையே (டிஸ்க்கை இரு முகத்திலும் நெரித்துப் பிடிக்கும் பாகம்) மாற்றினார்கள். இரண்டு பக்கமும் புது பேட் (டிஸ்க்கில் உரசும் கட்டை) போட்டார்கள். இரண்டு வாரம் அருமையாக நின்றது. மூன்றாவது வாரம் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த இரண்டு வாரத்தால்தான் நான் அதிகம் ஏமாந்தேன். பேட் மாற்றும்போது பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், காலிப்பர் வழுக்கி நகரும் கம்பியான 'பின்'னைத் துடைத்து கிரீஸ் வைப்பார்கள், ஆயிலும் கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். மூல நோய் அப்படியே இருந்தாலும் கொஞ்ச நாள் அடங்கியிருக்க இதெல்லாம் போதும். இரண்டு வாரம் நன்றாக ஓடியதை வைத்து வேலை முடிந்துவிட்டது என்று நம்ப வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் பொருள் மாற்றுவதை நிறுத்திவிட்டு அளக்க ஆரம்பித்தேன். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கினேன். நான்கு வருடத்தில் இந்த வண்டிக்காக வாங்கியதில் மிகவும் உபயோகமான பொருள் அதுதான். பளபளப்பான டிஸ்க் முகத்தில் காட்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். அதனால் எப்போதும் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், டிஸ்க்கின் நடுவில் துருப்பிடித்து மங்கியிருக்கும் பகுதியில் காட்டுவேன். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது, துல்லியமான எண் முக்கியமில்லை.

காலியான நேரான சாலையில் பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி, கியரிலேயே வேகம் குறைத்து நிறுத்திப் பார்த்தேன். இடது 44 டிகிரி. வலது 96.

எனக்குத் தலை சுற்றியது. வண்டி இழுப்பது இடப்பக்கம், சூடாவது வலது சக்கரம்! வலது பிரேக் விடாமல் உரசுகிறது என்றால் வலப்பக்கம் அல்லவா இழுக்க வேண்டும்?

விடை காலில் இருந்தது. அன்று மாலை அதே சாலையில் மெதுவாக மிதித்து, பிடித்து, விட்டுப் பார்த்தேன். மிதித்த கணத்தில் இடப்பக்கம் வெட்டியது. அழுத்தத்தை மாற்றாமல் இரண்டு மூன்று நொடி பிடித்திருந்தால் நேரானது. காலை எடுத்ததும் மிக லேசாக வலப்பக்கம் சாய்ந்தது. ஆறு மாதமாக "இடப்பக்கம் இழுக்குது" என்று மட்டுமே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த நேரத்தில் இழுக்கிறது என்று நானும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. வலது சக்கரத்துக்கு அழுத்தம் தாமதமாகப் போகிறது, போனது திரும்பி வரவும் தாமதமாகிறது. இடது பிரேக் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வலது பேட்டைக் கழற்றிப் பார்த்தபோது உள் பேட்டும் வெளிப் பேட்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. காலிப்பர் பின் இறுகியிருந்தால் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தேய்ந்திருக்கும். ஆகவே 'பின்' மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. மிச்சம் இரண்டு: ஒன்று பிஸ்டன் சிக்கியிருக்க வேண்டும், அல்லது ஆயில் எங்கோ அடைபட்டிருக்க வேண்டும்.

இதைப் பிரித்துப் பார்க்கும் சோதனையை அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் அண்ணன் கூட இருந்து செய்து காட்டினார். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கினோம் (ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்). நான் பெடலை அழுத்தி விட்டேன். இடது சக்கரம் உடனே சுழன்றது. வலது சக்கரம் கையால் அசைக்க முடியாமல் நின்றது. முதலில் காலிப்பருக்கு ஆயில் கொண்டு போகும் ரப்பர் ஹோஸுக்கு (குழாய்) மேலே, இரும்பு பைப் வந்து சேரும் இடத்தின் நட்டைத் தளர்த்தினார். சக்கரம் அப்படியே இருந்தது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் அங்கேயே விட்டிருக்கும். அந்த நட்டை இறுக்கிவிட்டு, திரும்ப ஒரு முறை மிதித்து விடச் சொன்னார். இந்த முறை காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) திறந்தார். ஆயில் பீய்ச்சி வந்தது, சக்கரம் சுழல ஆரம்பித்தது. பிஸ்டன் சிக்கியிருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் சக்கரம் விட்டிருக்காது. "மேலயும் இல்ல, கீழயும் இல்ல தம்பி, நடுவுல ஹோஸ்தான்" என்றார்.

வெளியே பார்த்தால் அந்த ஹோஸில் ஒரு வெடிப்புகூட இல்லை. அதைச் சட்டத்தோடு பிடித்திருந்த இரும்புப் பட்டையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது: பட்டையின் உட்பக்கம் துரு பிடித்துப் பருத்து, ரப்பரைச் சுற்றிலும் நெரித்திருந்தது. ஹோஸை அந்த இடத்தில் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். உள்துவாரம் ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கால் கொடுக்கும் பெரிய அழுத்தத்துக்கு ஆயில் எப்படியோ நுழைந்துவிடும். திரும்பி வரும்போது தள்ளுவதற்குப் பிஸ்டன் சீலின் (பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் வளையம்) சிறிய இழுவிசை மட்டுமே இருப்பதால் உள்ளேயே தங்கிவிடும். இதே கோளாறு ஹோஸின் உள்ரப்பர் கிழிந்து மடிந்தாலும் வரும். பேட் மாற்றும்போது காலிப்பரைக் கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டால் ரப்பர் கெடும். அப்படிச் செய்பவர்களைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டு முன் ஹோஸையும் சேர்த்தே மாற்றினேன், பட்டைகளையும்தான். வலது பேட் சூட்டில் வெந்து முகம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்ததால் இரு பக்கமும் புது பேட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் புதிய இழுவையை நாமே உண்டாக்கியதாகிவிடும். பிரேக் ஆயிலையும் முழுதாக வடித்து மாற்றினோம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். டாட் 3 என்ற தரவகை ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு தரவிதி எதிர்பார்ப்பது 140 மட்டுமே. டாட் 4 என்றால் 230, 155. வடித்த ஆயில் டீத்தூள் நிறத்தில் இருந்தது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த இழுவை திரும்பவில்லை. மாதம் ஒரு முறை அதே பத்து கிலோமீட்டர் ஓட்டி அளக்கிறேன். இரண்டு பக்கமும் பத்து டிகிரிக்கு மேல் விலகியதில்லை.

நடுவில் ஒரு முறை மட்டும் வேறு மாதிரி இழுத்தது. மெதுவாக மிதித்தால் ஒன்றும் இல்லை, அழுத்தி மிதித்தால் "டொக்" என்று ஒரு சத்தம், கூடவே வலப்பக்கம் ஒரு வெட்டு. வெப்பம் இரு பக்கமும் சமம். அதைப் பார்த்ததும் பிரேக்கைத் தொடவே இல்லை, நேராகக் கீழே பார்த்தோம். வலது கீழ் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ், அதாவது அதன் ரப்பர் உறை, கிழிந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பின்னால் நகர்ந்து திசை மாறியிருக்கிறது. ஒரே நாளில் முடிந்த வேலை. ஆரம்பத்திலேயே இந்த வெப்பமானி கையில் இருந்திருந்தால் அந்தக் காலிப்பர் செலவு மிஞ்சியிருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஏர் பிரேக் (ஆயிலுக்குப் பதில் காற்றழுத்தத்தில் பிடிப்பது) லாரி வைத்திருக்கும் நண்பர்கள், தங்கள் வண்டி இழுத்தால் எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். அங்கே ஹோஸ் அடைப்போடு இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, மிதித்து வைத்திருக்கும்போது இரு பக்க புஷ் ராடும் (பிரேக்கைத் தள்ளும் தண்டு) எவ்வளவு தூரம் வெளியே வருகின்றன என்று அளந்து ஒப்பிடுவது. இன்னொன்று, ஒரே ஆக்சிலில் இரண்டு சேம்பரும் (காற்றை வாங்கி அந்தத் தண்டைத் தள்ளும் கலம்) ஒரே அளவுதானா என்பது. சேம்பரின் எண் என்பது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வின் (டயாஃப்ரம்) பரப்பு, சதுர அங்குலத்தில். 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) காற்றில் 30ஆம் எண் 1,800 பவுண்டு தள்ளும், 24ஆம் எண் 1,440தான் தள்ளும். அவசரத்தில் கிடைத்ததைப் போட்ட வண்டிக்கு வேறு என்ன செய்தாலும் இழுவை நிற்காது. சக்கர நடுவில் உள்ள ஹப் ஆயில் சீல் கசிந்து லைனரில் (டிரம்மில் உரசும் பட்டை) எண்ணெய் ஏறியிருந்தாலும் இதே கதை, அந்த லைனரைக் கழுவித் திரும்பப் போட வேண்டாம்.

கடைசியாக அளந்தது போன வாரம்: இடது 52, வலது 55. பின் டிரம்மை அடுத்த மாதம் திறந்து வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அறுத்த ஹோஸ் துண்டு இன்னும் டூல் பாக்ஸில்தான் இருக்கிறது. இழுக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் முதலில் அதை எடுத்துக் காட்டிவிட்டு, "மிதிச்ச உடனேயா, பிடிச்சிருக்கும்போதா, விட்ட பிறகா?" என்று கேட்கிறேன்.