படப்புத்தகப் பிரதியை மெருகேற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: என் நத்தைக்கு நேர்ந்த கதி

ஏமாந்த கதையை நாமே சொல்வது கொஞ்சம் வெட்கமான காரியம். அதனால் பல மாதங்களாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு தோழி, "குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதி வச்சிருக்கேன், மெருகேத்தித் தர நல்ல இடம் கிடைச்சிருக்கு" என்று ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். திறந்து பார்த்தால் அதே நீலப் பின்னணி, பென்சில் பிடித்த அதே முயல். இனியும் சும்மா இருந்தால் தப்பு என்று தோன்றியது.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வருவது அவர்களுக்கு அரை நாள் வேலை. என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நான் எழுதியது ஒரு நத்தைக் கதை. மழை வருகிறது, நத்தை ஒதுங்க இடம் தேடுகிறது. காளானுக்கு அடியில் தவளை. இலைக்கு அடியில் எறும்புக் கூட்டம். பழைய செருப்புக்குள் சுண்டெலி. எங்கேயும் இடமில்லை. கடைசியில் களைத்துப் போய் உள்ளே சுருண்டு தூங்கிவிடுகிறது. அவ்வளவுதான், மொத்தம் 410 சொற்கள்.

கதையின் குறும்பே ஒன்றுதான்: நத்தையின் முதுகில் ஓடு இருக்கிறது என்று எழுத்தில் ஓரிடத்திலும் வராது. படத்தில் மட்டும்தான் தெரியும். நான் கிறுக்கிய படங்களைக் காட்டி அக்கா மகனுக்கு வாசித்தபோது மூன்றாவது பக்கத்திலேயே, "சித்தி, அதான் முதுகுல வீடு இருக்கே!" என்று கத்தினான். அவனுக்கு ஐந்து வயது. நத்தைக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கு அப்படி ஒரு பெருமை. அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் கத்தினான்.

எழுதி முடித்ததும் ஆசை வந்தது. யாராவது விவரம் தெரிந்தவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் பதிப்பகங்களுக்கு அனுப்பலாமே என்று தேடினேன். "இலவச மதிப்பீடு" என்று இருந்தது, பிரதியை அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் போன் வந்துவிட்டது.

"உங்க கதை அருமை மேடம். எங்க டீம்ல எல்லாரும் அசந்துட்டாங்க."

எந்தப் பக்கம் பிடித்திருந்தது என்று கேட்டேன். "எல்லாமே மேடம்" என்றார். அங்கேயே போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் நம் கதையை ஒருவர் புகழும்போது காது அடைத்துக்கொள்கிறது, என்ன செய்ய? கொஞ்சம் மெருகேற்றினால் போதும், பதிப்பகங்கள் வரிசையில் நிற்கும், இன்று இரவுக்குள் பணம் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி என்று அடுக்கிக்கொண்டே போனார். கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. 410 சொற்கள்தானே, தாங்கும் என்று நினைத்துக் கட்டிவிட்டேன். ஒப்பந்தத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தியதும் நான்தான்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று, ஆறு பக்க மதிப்பீட்டு அறிக்கை. அதில் கதாபாத்திர வளர்ச்சி, உணர்ச்சி ஓட்டம் என்று தலைப்புத் தலைப்பாக நிறைய இருந்தது. நான்காம் பக்கத்தில், "உங்கள் குட்டி யானையின் மனமாற்றம் நெகிழ வைக்கிறது" என்று இருந்தது. என் கதையில் யானை இல்லை. இருந்திருந்தால் அந்தச் செருப்புக்குள் அது எப்படி நுழைந்திருக்கும் என்று நானும் அக்காவும் சிரித்தோம். அப்போது சிரிப்பு வந்தது, ஏனென்றால் இரண்டாவது கோப்பை இன்னும் திறக்கவில்லை.

இரண்டாவதுதான் மெருகேற்றிய பிரதி. 410 சொற்கள் 1,130 ஆகியிருந்தன.

நான் எழுதிய முதல் வரி: "சொட்டு. சொட்டு. மழை வருகிறது." அவர்கள் திருத்திய முதல் வரி: "அழகிய பசுமையான தோட்டம் ஒன்றில், கருமேகங்கள் சூழ்ந்து சில்லென்ற காற்று வீசிய ஒரு மாலை வேளையில், தன் முதுகிலேயே வீடு இருப்பதை மறந்துவிட்ட ஒரு குட்டி நத்தை வாழ்ந்து வந்தது."

முடிந்தது. ஒரு புத்தகம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை முதல் வரியிலேயே போட்டு உடைத்தாகிவிட்டது. இனி அந்தப் பையன் எதற்குக் கத்துவான்?

இன்னொரு இடம். நான் வலது பக்கத்தின் கடைசியில், "காளானுக்கு அடியில் எட்டிப் பார்த்தது. அங்கே…" என்று நிறுத்தியிருந்தேன். தாளைப் புரட்டினால்தான் "தவளை!" என்று வரும். படப்புத்தகத்தில் தாளைப் புரட்டும் அந்த நொடிதான் கதவு. குழந்தையின் விரல் அதற்குள் தாளின் நுனியைப் பிடித்திருக்கும். அவர்கள் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்: "காளானுக்கு அடியில் ஏற்கெனவே ஒரு பச்சை நிறத் தவளை அமர்ந்திருப்பதைக் கண்டு நத்தை மிகவும் மனவருத்தம் அடைந்தது." தவளை பச்சை என்பதையும் நத்தையின் முகம் வாடியதையும் படம் சொல்லும். எழுத்தும் அதையே சொன்னால் ஓவியர் எதை வரைவார்?

கடைசிப் பக்கத்தில் போனஸாக, "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால், நம்மிடம் இருப்பதை மதிக்க வேண்டும்" என்று ஒரு நீதி.

எதற்கும் இருக்கட்டும் என்று அக்கா மகனிடம் இதையும் வாசித்துப் பார்த்தேன். இந்த முறை படமில்லை. தோட்டம், மேகம், காற்று என்று போய்க்கொண்டிருக்கும்போதே, "எல்லாம் சரி சித்தி, நத்தை எப்போ நடக்கும்?" என்று கேட்டுவிட்டு மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டான்.

சரி, இவ்வளவு ஏன் நீட்டினார்கள்? ரசனைக் குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் பில் வந்தபோதுதான் விளங்கியது. ஒப்பந்தத்தில், "கட்டணம் இறுதிப் பிரதியின் சொல் எண்ணிக்கையின்படி கணக்கிடப்படும்" என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் கட்டியது வெறும் முன்பணமாம். 1,130 சொற்களுக்குக் கணக்குப் போட்டு, மீதி 720 சொற்களுக்குப் பணம் கேட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் முதலில் சொன்ன தொகையைப் போல இரண்டே முக்கால் மடங்கு. எனக்குத் தெரிந்து, கூட்டினால் காசு, குறைத்தால் நஷ்டம் என்ற கணக்கில் படப்புத்தகத்தை எடிட் செய்யவே முடியாது. அந்த வேலையே குறைப்பதுதான்.

ஏன் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கும் அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டுவதால் பக்கங்கள் வழக்கமாக 8, 16 என்ற மடங்கில் வரும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது சுமார் 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள், அதாவது புத்தகத்தை விரித்தால் இடமும் வலமுமாகச் சேர்ந்து தெரியும் பரப்பு. அதில் பெரும்பகுதி படத்துக்கு. இன்றைய படப்புத்தகங்களில் ஐந்நூறு சொற்களுக்குள் முடிபவை ஏராளம், ஆயிரத்தைத் தாண்டுபவை குறைவு. என் 1,130 சொல் நத்தையைப் பிரித்துப் போட்டால் இரட்டைப் பக்கத்துக்கு எண்பது தொண்ணூறு சொற்கள். மழை பெய்ய இடமிருக்காது.

பணம் கட்டமாட்டேன் என்றேன். அப்போதுதான் போனில் இருந்த ஆள் மாறினார், குரலும் மாறியது. வேலை தொடங்கிவிட்டால் பணம் திரும்பத் தரமுடியாது, மீதியைக் கட்டாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார். பயந்துபோய் மீதியில் பாதியைக் கட்டினேன். இந்த இடத்தை எழுதும்போதுகூட எரிச்சலாக இருக்கிறது.

கட்டியதும் அடுத்த வலை. கதை இப்போது தயார், இனி ஓவியர் வேண்டும், எங்களிடமே "ஓவியம் பிளஸ் வெளியீடு" திட்டம் இருக்கிறது, படம் இல்லாமல் எந்தப் பதிப்பகமும் பிரதியைத் தொடாது என்றார்கள். இது சுத்தப் பொய். கதையை மட்டும் எழுதுபவர் எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும். ஓவியரைப் பதிப்பகமே தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம், அவருக்குப் பணம் கொடுப்பதும் பதிப்பகம்தான். சொந்தமாக வெளியிடுபவர்களுக்குத்தான் அந்தச் செலவு.

நான் தயங்கியதும் போனில் இருந்தவர் ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரை இழுத்தார். "பீட்டர் முயலின் கதையை அவரே சொந்தக் காசில்தானே போட்டார் மேடம்?" உண்மைதான். பதிப்பகங்கள் மறுத்த பிறகு 1901இல் 250 பிரதிகள் அச்சிட்டார். ஆனால் அவர் காசு கொடுத்தது அச்சகத்துக்கு. படமும் அவர் வரைந்ததுதான். 1902இல் ஒரு பதிப்பகம் அதை எடுத்துத் தன் செலவில் வெளியிட்டது. பதிப்பகம் என்றால் காசு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டும். இவர் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு மிரட்டலும் உண்டு. "எங்க மூலமா பதிவு பண்ணலன்னா யாராவது திருடிடுவாங்க." எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான 1886இன் பெர்ன் ஒப்பந்தத்தைப் பின்பற்றும் நாடுகளில் அதற்குப் பதிவே தேவையில்லை. வழக்கு என்று வந்தால் பதிவு உதவக்கூடும், அது வேறு. பார்க்கப்போனால் உரிமையில் கைவைக்கப் பார்த்தது அவர்களேதான். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், "மெருகேற்றிய பிரதியின் உரிமை இரு தரப்புக்கும் கூட்டாக உரியது" என்று இருந்தது. அந்த 1,130 சொற்களை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நல்லவேளை, என் பழைய கோப்பும் அதை அக்காவுக்கு அனுப்பிய மின்னஞ்சலும் தேதியோடு பத்திரமாக இருந்தன.

காசு வாங்கி எடிட் செய்வதே மோசடி என்று சொல்ல வரவில்லை. அப்புறம் ஒரு நல்ல எடிட்டர் கிடைத்தார், அவருக்கும் காசு கொடுத்தேன், சந்தோஷமாகவே கொடுத்தேன். அவர் முதலில் புகழவில்லை. "நத்தை கடைசியில ஓட்டுக்குள்ள போகுதுன்னு அதுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். ஒரே ஒரு இரட்டைப் பக்கத்தை மட்டும் மாதிரிக்குத் திருத்தி அனுப்பினார். என்ன அடித்தார், ஏன் அடித்தார் என்று ஓரத்தில் குறிப்போடு, என் மூலவரி அழியாமல் தெரியும்படி. கட்டணம் மொத்தப் பிரதிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். எட்டு வெள்ளைத் தாள்களை நடுவில் மடித்து 32 பக்க டம்மி ஒன்று, அதாவது மாதிரிப் புத்தகம், செய்யச் சொன்னார். வரிகளை வெட்டி அதில் ஒட்டி உரக்க வாசித்தபோது, ஐந்தாவது இரட்டைப் பக்கத்தில் நத்தை இடத்தைவிட்டு நகரவே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. காளான் காட்சியும் இலைக் காட்சியும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டோம். 410 சொற்கள் 260 ஆயின.

அதனால் யாரிடம் பிரதியைக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு பக்கம் மாதிரி கேளுங்கள். மறுத்தால் விலகிவிடுங்கள். "என் கதையில் எதை எடுத்துவிடுவீர்கள்?" என்று கேளுங்கள், கதையைப் படிக்காதவரால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. எடிட் செய்யப்போகிறவரிடம் நேரடியாகப் பேச முடியுமா, கதையமைப்பைப் பார்ப்பாரா, வெறும் எழுத்துப்பிழை மட்டும் திருத்துவாரா என்பதும் முக்கியம், இரண்டும் வேறு வேறு வேலை. வெளியீட்டுக்கு உத்தரவாதம் தருகிற எடிட்டரை நம்பாதீர்கள், அந்த முடிவு அவர் கையில் இல்லை. உரிமை என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கே வந்தாலும் இரண்டு முறை படியுங்கள். இன்று இரவுக்குள் என்று யாராவது சொன்னால் நாளைக் காலை வரை பொறுங்கள். தோழியிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் மாதிரி கேட்டிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.

எனக்கு மட்டும் பதில்கள் நிற்கவே இல்லை. நேற்றும் ஒரு மின்னஞ்சல்: "வாழ்த்துகள் மேடம்! உங்கள் யானைக் கதைக்கு ஓவியர் தயார்."