வீவக வீட்டு ஆண்டெனாவுக்கு ஆர்ஜி-6 கேபிள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசந்தம் சேனல் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? ஆண்டெனாவை மாற்றுமுன் கேபிளைப் பாருங்கள். மலிவான மெல்லிய கேபிள்களில் உறைக்கு அடியிலுள்ள கம்பிப் பின்னல் சல்லடை மாதிரிதான் இருக்கும். வெளி இரைச்சலுக்கு அதுவே வாசல்.

வாங்க வேண்டியது 75 ஓம் ஆர்ஜி-6 என்ற கேபிள் வகை. நடுக்கம்பி சுமார் 1 மி.மீ. தொலைக்காட்சி ஒளிபரப்பு வரும் யுஎச்எஃப் அலைவரிசையில் 10 மீட்டருக்கு இழப்பு 2 டெசிபலைத் தாண்டாது. ஆர்ஜி-59 இன்னும் கொஞ்சம் விழுங்கும். ஆனால் 2 மீட்டர் ஓட்டத்துக்கு அதுவே போதும், வளைக்கவும் எளிது. ஆர்ஜி-58ஐத் தொடவே வேண்டாம், அது 50 ஓம், தொலைக்காட்சிக்குப் பொருந்தாது.

செம்பு பூசிய எஃகுக் கம்பியை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான், அதாவது செம்பில்தான் ஓடும். மலேசியாவுக்குக் கேரவனில் டிஷ் கொண்டுபோகிறவர்கள் கதை வேறு: அதே கம்பியில் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் நிற்கும் சிக்னல் வாங்கிக்கு) 13 அல்லது 18 வோல்ட் போக வேண்டும். நீளம் கூடினால் எஃகில் மின்னழுத்தம் குறைந்து பாதிச் சேனல்கள் காணாமல் போகலாம். அதற்கு முழுச் செம்புதான்.

கோளாறு பெரும்பாலும் முனையில்தான். நுனியிலிருந்து உறையை 12 மி.மீ., உள்ளே வெள்ளை நுரையை 6 மி.மீ. சீவுங்கள். பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் செத்துவிடும். கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டர் (இணைப்பான்) நாளடைவில் தளரும். அழுத்திப் பொருத்தும் வகை நீடிக்கும். சுவர்ப் புள்ளியும் தொலைக்காட்சியும் தள்ளிச் செருகும் வகையாக இருந்தால் அதற்கான அடாப்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.