டெத் வேலிக்கு வாடகை ஆர்வி எடுப்பவர்களுக்கு: கவுன்ட்டரில் "போகலாம்" என்பார்கள், ஒப்பந்தத்தில் "போகக் கூடாது" என்றிருக்கும்

லாஸ் வேகஸில் ஆர்வி, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி, வாடகைக்கு எடுத்து, கலிபோர்னியா பாலைவனத்தில் உள்ள டெத் வேலி தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மே மாதக் கடைசியில் அங்குள்ள ஒரு நிறுவனத்திடம் நாங்கள் எடுத்த வண்டி, பூங்காவுக்குள் டயர் வெடித்து நின்றது. இழுவை வண்டிக் கட்டணம், கிழிந்த டயர் அடித்துச் சிதைத்த அடிப்பகுதிக்கான செலவு எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டினார்கள், டெபாசிட்டும் திரும்பவில்லை. நாள் கணக்கில் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு விற்ற சேதப் பாதுகாப்புத் திட்டம் ஒரு டாலருக்கும் உதவவில்லை. அவர்கள் காட்டியது ஒப்பந்தத்தின் ஒரு வரியை: கோடை மாதங்களில் டெத் வேலிக்குள் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது.

போகுமிடம் எது என்ற கேள்விக்குப் படிவத்தில், பூங்காவுக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, எந்தச் சாலை வசதி என்றுகூடச் சொன்னார். அதன் பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள். தடை விதித்ததைக் குறை சொல்லவில்லை. 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி பாரன்ஹீட், அதாவது 56.7 செல்சியஸ் பதிவான இடம் அது. வண்டியின் சொந்தக்காரர் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் போகுமிடம் தெரிந்தே வாடகையையும் பாதுகாப்புக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, வண்டி நின்ற பிறகு அந்த வரியை எடுத்து நீட்டுவது ஏமாற்று வேலைதான்.

இந்த வரி ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் பல ஆர்வி வாடகை ஒப்பந்தங்களில் உண்டு. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும்; சிலர் மே முதலே கதவைச் சாத்துவார்கள், சிலர் ஜூனிலிருந்து. விலைப்பட்டியலிலோ முதல் பக்கத்திலோ இதைத் தேடினால் கிடைக்காது. நிபந்தனைகளின் நடுவில், மெக்சிகோ, நியூயார்க்கின் மன்ஹாட்டன், நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் திருவிழா, தார் போடாத சாலை என்று தடைசெய்த இடங்களை அடுக்கியிருக்கும் பத்தியில் பொடி எழுத்தில் கிடக்கும். அதை மீறினால் மூன்று பாதுகாப்பும் ஒரே நேரத்தில் போய்விடும்: சேதப் பாதுகாப்பு, சாலையோர உதவி, வேறு வண்டி கேட்கும் உரிமை. வண்டி எங்கே நின்றது என்பது இழுவை வண்டியின் ரசீதிலேயே இருக்கும். பல வண்டிகளில் ஜிபிஎஸ்ஸும் உண்டு.

ஆகவே முன்பதிவுக்கு முன்னால் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பயணத் தேதிகள், பூங்காவின் பெயர், தங்கும் முகாமின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு, அந்த நாட்களில் அங்கே சேதப் பாதுகாப்பும் சாலையோர உதவியும் செல்லுமா என்று கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் "ஆமாம்" எதற்கும் உதவாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில், தாளில் இல்லாத வாய்மொழி எதுவும் செல்லாது என்று இன்னொரு வரி இருக்கும். அனுமதி தருவதாகச் சொன்னால் மேலாளர் கையெழுத்தோடு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் இடத்தையோ தேதியையோ மாற்றிவிடுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரைதான் அங்கே ஆர்வியில் தங்க ஏற்ற காலம். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீட்டையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான கார்டுகள் ஆர்வியை அதிலிருந்து ஒதுக்கிவிடுகின்றன.

அடுத்தது ஏ.சி. இதில் நடந்ததையும் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டியை ஒப்படைத்தபோது நிறுவனத்தின் மின் இணைப்பில் சொருகி, காலை நேரத்தில் ஏ.சி.யைப் போட்டுக் காட்டினார்கள். ஜில்லென்று வந்தது. பூங்காவில் மதியம் ஜெனரேட்டரில் ஓட்டியபோது சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்றது. கூரை ஏ.சி. 13,500 அல்லது 15,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அலகு) அளவில் இருக்கும். அதன் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஜெனரேட்டரின் திறனோ வெளிச் சூட்டிலும் உயரத்திலும் குறையும். பராமரிப்பில்லாத ஜெனரேட்டரின் குறை, காலைக் குளிரில் வேறு மின் இணைப்பில் சோதித்தால் எப்படித் தெரியும்?

வண்டியை வாங்கும் இடத்திலேயே மின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஜெனரேட்டரைப் போட்டு, ஏ.சி.யை முழுக் குளிரில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். காற்றை உள்ளே இழுக்கும் வலைப் பக்கம் ஒரு தெர்மாமீட்டர், குளிர்காற்று வரும் துளையில் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 16 முதல் 22 பாரன்ஹீட் வித்தியாசம் வர வேண்டும். 10 தான் வருகிறது என்றால் வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது கூரைக்குள் குளிர்காற்று திரும்பும் காற்றோடு கலந்து ஒழுகலாம். சரி செய்து தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல ஏ.சி.யும் வெளியே 115 பாரன்ஹீட் இருந்தால் உள்ளே 90க்குப் பக்கத்தில்தான் கொண்டுவரும். வீட்டுக் குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. கைக்குழந்தையோ முதியவரோ உடன் வருவதாக இருந்தால் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"ஜெனரேட்டர் இருக்கிறது" என்பதற்கும் "ஜெனரேட்டர் கட்டணம் வாடகையில் சேர்ந்தது" என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் அடுத்த வசூல். மணிக்கு மூன்று, நான்கு டாலர் என்று தனியாக வாங்குவது பரவலான வழக்கம். ஜெனரேட்டர் பக்கத்தில் மணிக் கணக்குக் காட்டும் மீட்டர் இருக்கும். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் அதைத் தேதியோடு படம் எடுங்கள். எரிபொருள் அதற்கு வண்டியின் டேங்கிலிருந்தே போகிறது, மணிக்கு ஏறக்குறைய அரை காலன். டேங்க் கால் பங்குக்குக் குறைந்தால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். வண்டி பெட்ரோல் நிலையம்வரை போக வேண்டும் என்பதற்காகச் செய்த அமைப்பு அது. பெட்ரோல் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ் மூன்று இடங்களில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். அரை டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

"அங்கே எல்லா முகாமிலும் கரண்ட் உண்டு" என்று கவுன்ட்டரில் சொன்னதும் பொய். ஃபர்னஸ் கிரீக் முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் உள்ள இடங்கள் 18 மட்டுமே. ஸ்டவ்பைப் வெல்ஸில் தனியார் நடத்தும் ஆர்வி பூங்காவில் 14. பெரிய முகாமான சன்செட்டில் மின் இணைப்பு கிடையாது, கோடையில் மூடியும் விடுவார்கள். டெக்சஸ் ஸ்பிரிங்ஸில் ஜெனரேட்டருக்கே தடை. ஃபர்னஸ் கிரீக்கிலும் காலை 7 முதல் மாலை 7 வரைதான் ஜெனரேட்டர் ஓட்டலாம். ஜூலையில் அங்கே இரவின் குறைந்தபட்ச வெப்பமே 90 பாரன்ஹீட்டை ஒட்டி நிற்கும். மின் இணைப்புள்ள இடம் உறுதியாகக் கையில் இல்லாமல் சூடான மாதத்தில் போனால் இரவு முழுக்க ஏ.சி. இல்லை. இணைப்பு கிடைத்தாலும் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் வாங்கிச் சொருகி வையுங்கள். முகாமில் எல்லோரும் ஏ.சி. போடும் மதியத்தில் வோல்டேஜ் இறங்கும். 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏ.சி.யை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் எரிந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

இனி டயர். பக்கச் சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் எண்களில் கடைசி நான்கைப் பாருங்கள். 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. எங்களுக்குத் தந்த வண்டியில் வெளி டயர்கள் புதியவை. பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் வெடித்த உள் டயர் கிழடு. வாடகை வண்டிகள் வெயிலில் நாள்கணக்கில் நிற்பவை. தடம் தேயாமலே ரப்பர் உள்ளுக்குள் காய்ந்துவிடும். ஆறு வயதைத் தாண்டிய டயரோ, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்போ இருந்தால் வண்டியை மறுத்துவிடுங்கள். உள் டயரின் எண் சில சமயம் உள்பக்கம் திரும்பியிருக்கும். டார்ச்சோடு அடியில் குனிந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

காற்றழுத்தத்தை விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் பட்டியலில் உள்ளபடி வைக்க வேண்டும். உள் டயரின் வால்வுக்கு நீளக் கழுத்துள்ள கேஜ் தேவை. அது வண்டியில் இல்லாவிட்டால் முந்தைய வாடகைக்காரர் யாரும் பார்த்திருக்க மாட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள் டயரில் காற்று குறைந்தால் பாரம் முழுவதையும் வெளி டயர் தாங்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குறைந்த காற்றோடு ஓடும் டயர் மடங்கி மடங்கிச் சூடேறித்தான் வெடிக்கிறது. நண்பகலில் அழுத்தம் ஏறிவிட்டதே என்று காற்றை இறக்காதீர்கள். 10 பாரன்ஹீட்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஏறுவது இயல்பு. இறக்கினால் மறுநாள் காலை அது குறைந்த அழுத்தம்.

டயர், கூரை, அடிப்பகுதி, வண்டியின் பக்கத்தில் விரிக்கும் வெயில் மறைப்பு ஆகிய நான்கையும் சேதப் பாதுகாப்புத் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதைக் கவுன்ட்டரில் சொல்ல மாட்டார்கள். டயர் வெடித்தால் கிழிந்த பட்டை சக்கரக் குழியைத் தாக்கும், கழிவுக் குழாயை உடைக்கும். அதாவது தடைப் பத்தி இல்லாவிட்டாலும்கூட இந்தச் சேதத்தில் பெரும்பகுதிக்குப் பணம் தந்திருக்க மாட்டார்கள். வெயில் மறைப்பை விரித்துவிட்டு நடக்கப் போகாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் காற்று திடீரென்று எழும்.

நீள விஷயத்திலும் ஏமாறலாம். ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், டான்டிஸ் வியூ சாலைகளில் 25 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. விளம்பரத்தில் 25 அடி என்று சொன்ன வண்டி, பின் ஏணியையும் பம்பரையும் சேர்த்து அளந்தால் 26ஐத் தாண்டலாம். டேப் எடுத்து அளந்துவிடுங்கள். பூங்காவின் ஒதுக்குப்புறமான ரேஸ்டிராக் பக்கம் வாடகை ஆர்வியில் போகவே கூடாது. கூர்ங்கல் நிறைந்த மண் சாலை, ஒப்பந்தத் தடையும் உண்டு.

ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடும் பழைய வகையாக இருந்தால் குளிர 12 மணி நேரம்வரை ஆகும், வண்டி சமதளத்தில் நிற்கவும் வேண்டும். முந்தைய நாளே போட்டு வைக்கச் சொல்லுங்கள். 100 பாரன்ஹீட்டுக்கு மேல் அது திணறும். பால், மருந்து, குழந்தை உணவுக்குத் தனி ஐஸ் பெட்டி கட்டாயம்.

குடிநீரை ஆர்வி டேங்கிலிருந்து எடுப்பதாகத் திட்டமிடாதீர்கள். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்ற கணக்கில் கேன்களில் வைத்து, அதற்கு மேல் இன்னொரு நாளுக்கும் வையுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் எடுக்காது. ஏ.சி. நின்றால் வண்டிக்குள் காத்திருக்க வேண்டாம். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் மேலே ஏறுங்கள். ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 முதல் 5 பாரன்ஹீட் குறையும். 2024 ஜூலையில் பேட்வாட்டர் பகுதியில் சூட்டில் சிக்கிய மோட்டார் சைக்கிள் பயணிகளுக்கு, வெப்பம் 120 பாரன்ஹீட்டைத் தாண்டியதால் மருத்துவ ஹெலிகாப்டரால் வர முடியவில்லை, ஒருவர் இறந்தார்.

பூங்கா மூடினால் பணம் திரும்புமா என்பதையும் எழுதிக் கேளுங்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் ஒரே நாளில் 2.2 அங்குல மழை கொட்டியதில் பூங்கா அக்டோபர் 15 வரை மூடிக்கிடந்தது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தாமதிக்க வேண்டாம். வசூலித்த தொகை இடம்பெற்ற கார்டு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். போகுமிடம் எழுதிய படிவம், டயர் எண்ணின் படம், ஜெனரேட்டர் மீட்டர் படம், இழுவை ரசீது நான்கையும் இணையுங்கள். நெவாடா தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் பதியலாம். 10,000 டாலர் வரையிலான தொகைக்கு நெவாடாவின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் தகராறை நடுவர் மூலமே தீர்க்க வேண்டும் என்ற வரி இருந்தால், சிறு வழக்குக்கு அதில் விலக்கு உண்டா என்பதை முதலில் பாருங்கள்.